முறைத்துப் பார்க்கும் பறவை

17-ஆம் நூற்றாண்டின் சீன ஓவியர் பாதா ஷான்ரென் வரைந்த பறவைகள் பெரும்பாலும் சினத்தோடு நிற்பவை. நீளவாக்கில் தொங்கும் வெள்ளைத் தாளில் ஒரே ஒரு பறவை. உட்காரக் கிளை இல்லை, ஊன்றத் தரை இல்லை, பின்னால் வானமும் இல்லை. உடம்புக்கு நாலைந்து ஈரத் தீற்றல்கள், வாலுக்கு ஒன்றிரண்டு, அலகுக்கு ஒரு கூரிய கோடு. கழுத்து தோளுக்குள் ஒடுங்கியிருக்கும். ஒரு காலை மடக்கிக்கொண்டு மற்றொரு காலில் நிற்கும். கண்ணின் கருமணி நடுவில் இல்லாமல் மேல் இமையை ஒட்டிக் கிடக்கும். பார்ப்பவரை அது முறைக்கிறதா, பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மேலே செருகிக்கொண்டிருக்கிறதா என்று சட்டென்று சொல்லிவிட முடியாது.

இது எந்தப் பறவை என்பதும் அப்படித்தான். மைனாவின் சாயல் கொஞ்சம், குருவியின் சாயல் கொஞ்சம்; பறவை நூலைப் புரட்டி இனம் கண்டுபிடிக்க இயலாது. எட்ட நின்றால் உயிருள்ள பறவை. கிட்டப் போனால் மைத் தீற்றல்களும் வெற்றுத் தாளும். உருவத்தை முழுக்கக் கைவிடாமலும் அப்படியே நகலெடுக்காமலும் இடையில் நிற்கும் இத்தகைய படைப்பை அரை அரூப ஓவியம் என்பார்கள். ஐரோப்பிய ஓவியம் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது 20-ஆம் நூற்றாண்டில். சீன மை ஓவிய மரபுக்கு அது இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கைவந்திருந்தது.

பாதா ஷான்ரெனின் பறவைகளில் தூரிகையையும் குறியீட்டையும் தனித்தனியே பிரித்துப் பேசுவது கடினம். வாய் திறந்து பேசினால் தலை போகும் காலத்தில் வாழ்ந்தவர் அவர். பாதி வரைந்து பாதியை விட்டுவிட்டால், பொருளும் பாதி வெளியே, பாதி உள்ளே நிற்கும். யாராவது துருவிக் கேட்டால் வெறும் பறவைதான் என்று சொல்லித் தப்பலாம். விஷயம் தெரிந்தவருக்கு அந்த ஒற்றைக் கண்ணே போதும். கோடுகளில் அவர் காட்டிய சிக்கனம் அழகாகவும் இருந்தது, அரணாகவும் இருந்தது.

அரச குடும்பத்திலிருந்து மடத்துக்கு

அவருடைய பெயர் ஜூ தா என்று பொதுவாகக் குறிக்கப்படுகிறது. 1626-இல் தென்சீனத்து ஜியாங்ஷி மாகாணத்தின் தலைநகர் நான்சாங்கில் பிறந்தார். 1368-இல் மிங் அரசமரபை நிறுவிய ஹோங்வூ பேரரசரின் 17-ஆவது மகன் வழிவந்த குடும்பம் அது. தாத்தா கவிஞர், ஓவியர். தந்தையும் ஓவியர், அவர் வாய் பேச முடியாதவர் என்று பழைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன.

ஜூ தாவுக்கு 18 வயதானபோது, 1644-இல், எல்லாம் தலைகீழானது. கிளர்ச்சிப் படை பெய்ஜிங்கில் நுழைய, கடைசி மிங் பேரரசர் சோங்ஜென் அரண்மனைக்குப் பின்னுள்ள குன்றில் தூக்கிட்டுக்கொண்டார். சில வாரங்களில் வடகிழக்கிலிருந்து வந்த மஞ்சுக்கள் தலைநகரைப் பிடித்துச் சிங் ஆட்சியை அங்கே நிலைநாட்டினார்கள். அடுத்த ஆண்டு நான்சாங்கும் அவர்கள் கைக்குப் போனது. சீன ஆண்கள் முன்தலையை மழித்துப் பின்னால் சடை விட வேண்டும், மறுத்தால் மரணம் என்ற ஆணையும் 1645-இல் வந்தது. பழைய அரச குடும்பத்தில் பிறந்ததே உயிருக்கு உலை வைக்கும் நிலை. முழுத்தலையையும் மழித்துக்கொள்ளும் புத்த பிக்குகளுக்குச் சடை ஆணை இல்லை என்பதால், மிங் விசுவாசிகள் பலர் மடங்களுக்குள் ஒதுங்கினார்கள். ஜூ தாவும் 1648-இல் துறவியானார்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் துறவு வாழ்க்கை. தியான மரபான சான் பௌத்தத்தில் தேர்ந்து, மற்றவர்களுக்குக் கற்பிக்கும் நிலைக்கு உயர்ந்தார். இன்று கிடைப்பவற்றில் அவருடைய மிகப் பழைய ஓவிய ஏடு இந்தக் காலத்தது. 1659-60-இல் வரைந்த அந்த ஏட்டில் காய்கறிகள், பூக்கள், பாறைகள் இடம்பெற்றுள்ளன. அது தைபேயிலுள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1670-களின் இறுதியில், லின்ச்சுவான் என்ற ஊரில் ஓர் அரசு அதிகாரியின் விருந்தினராகத் தங்கியிருந்தபோது அவருக்கு மனம் பேதலித்தது. துறவு அங்கியைக் கிழித்து எரித்துவிட்டு, நான்சாங் தெருக்களில் சிரித்தும் அழுதும் திரிந்தார் என்று, பின்னாளில் அவரை நேரில் சந்தித்த ஷாவ் சாங்ஹெங் எழுதி வைத்திருக்கிறார். ஒருநாள் ‘ஊமை’ என்ற எழுத்தை வாசல் கதவில் எழுதி மாட்டிவிட்டுப் பேச்சையே நிறுத்திக்கொண்டாராம். அதன் பிறகு சைகைதான். உண்மையாகவே புத்தி கலங்கியதா, அதிகாரிகளிடமிருந்து விடுபடப் போட்ட வேடமா என்பதில் அறிஞர்கள் இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை.

1684 முதல் 1705-இல் இறக்கும் வரை ‘பாதா ஷான்ரென்’ என்ற பெயரிலேயே கையெழுத்திட்டார். பெயர் பெற்ற பறவை ஓவியங்கள் எல்லாம் இந்த இருபது ஆண்டுகளில் பிறந்தவை.

தாள், மை, தூரிகை

சீனப் பறவை ஓவியத்தில் நெடுங்காலமாக இரண்டு பாணிகள் உண்டு. ‘கோங்பி’ பாணியில் மெல்லிய கோட்டால் உருவத்தை வரைந்து, இறகு இறகாக வண்ணம் ஏற்றுவார்கள். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட சோங் பேரரசர் ஹுயிசோங்கின் அரண்மனை ஓவியங்கள் அந்தப் பாணிக்குச் சிகரம். ‘ஷியேயி’ பாணியில் பொருளின் தோற்றத்தைவிட அதன் உயிர்ப்பும் ஓவியரின் மனநிலையும் முக்கியம். கை தயங்காமல், எழுத்து எழுதுவதுபோல் விரைந்து போட வேண்டும். 16-ஆம் நூற்றாண்டில் ஷூ வெய் இந்தப் பாணியை மையைக் கொட்டிக் கலக்கும் ஆவேசமாக மாற்றினார். பாதா ஷான்ரென் அவருக்குப் பின் வந்தவர். ஆவேசத்தை உள்ளே அடக்கி, கோடுகளைக் குறைத்துக்கொண்டே போனது அவர் செய்த மாற்றம்.

இந்தப் பாணிக்கு ஏற்ற தாள் ‘ஷுவான்’. ஆன்ஹுய் மாகாணத்து ஜிங் வட்டாரத்தில், ஒருவகை மரப்பட்டை நாரையும் வைக்கோலையும் கூழாக்கிச் செய்வார்கள். படிகாரமும் பசையும் பூசாத ஷுவான் தாள் மையைப் பட்ட மாத்திரத்தில் உறிஞ்சும். அழிக்க முடியாது, மேலே பூசி மறைக்கவும் முடியாது. தூரிகை ஒரு கணம் கூடுதலாக நின்றால் அங்கே கறை பரவிவிடும். ஆக, ஓவியரின் வேகம், அழுத்தம், தயக்கம் எல்லாமே தாளில் பதிவாகிவிடுகின்றன.

மை என்பது பைன் கட்டையையோ எண்ணெயையோ எரித்து எடுத்த புகைக்கரியை விலங்குப் பசையில் பிசைந்து செய்த கட்டி. அதைக் கல்லில் தண்ணீர் விட்டு அரைப்பார்கள். தண்ணீரின் அளவை மாற்றுவதாலேயே ஆழ்ந்த கருமையிலிருந்து மெல்லிய புகைநிறம் வரை கிடைக்கும். மையிலேயே ஐந்து நிறம் உண்டு என்பது சீன ஓவியர்களின் பழைய பேச்சு. ஆட்டு முடித் தூரிகை மென்மையானது, நீரை நிறையப் பிடிக்கும். வீசல் என்ற சிறு விலங்கின் முடியில் செய்தது விறைப்பானது, கூர்க்கோட்டுக்கு ஏற்றது. ஓவியத்துக்கும் எழுத்துக்கும் ஒரே தூரிகைதான். ஆகவே எழுத்துக்கலையில் பழகிய கை, அதே வீச்சில் சிறகையும் வாலையும் எழுதுகிறது.

ஒரு பறவை உருவாகும் விதம்

‘கடுகளவுத் தோட்டம்’ என்ற பொருள்படும் பெயருடைய புகழ்பெற்ற சீன ஓவியப் பயிற்சி நூலின் பறவைப் பகுதி 1701-இல், பாதா ஷான்ரென் உயிரோடிருந்தபோதே அச்சானது. பறவையை அலகிலிருந்து தொடங்க வேண்டும், அடுத்து கண், பிறகு தலை, முதுகு, சிறகு, வால் என்று போய்க் காலில் முடிக்க வேண்டும் என்று அது வரிசை சொல்லித் தருகிறது. அக்கால ஓவியர் ஒவ்வொருவருக்கும் மனப்பாடமான வரிசை இது.

பாதா ஷான்ரென் இதே உறுப்புகளைத்தான் கையாண்டார். ஒவ்வொன்றுக்கும் செலவழித்த தீற்றல்களின் எண்ணிக்கையில்தான் வேறுபட்டார். ஈரம் மிகுந்த தூரிகையைச் சாய்த்து அழுத்தி எடுத்தால் முதுகின் வளைவு முழுவதும் ஒரே தீற்றலில் வந்துவிடும். கோட்டுருவம் போடாமல் மைப் பரப்பாலேயே உடலைக் காட்டும் இந்த முறையைச் சீனர்கள் ‘எலும்பில்லாதது’ என்பார்கள். மை காய்வதற்குள் பக்கத்தில் அடுத்த தீற்றலை வைத்தால் இரண்டும் ஒன்றாகக் கலக்காமல், நடுவே மயிரிழை அளவு வெளிர்க் கோடு ஒன்று தங்கும். உடலுக்கும் சிறகுக்கும் உள்ள பிரிவை அந்தக் கோடே காட்டிவிடும். தூரிகையில் ஈரம் குறைந்து மயிர்கள் பிரியும் நேரத்தில் வாலை இழுத்தால், கருமைக்குள் வெள்ளைக் கீற்றுகள் தெறிக்கும். இறகின் சொரசொரப்பு இலவசமாகக் கிடைத்துவிடும். கடைசியில் கால். தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து, முனை கோட்டின் நடுவிலேயே ஓடும்படி இழுத்த ஒரே கோடு. மெலிந்திருந்தாலும் கம்பிபோல் விறைத்து நிற்கும்.

ஒரு தீற்றல் இன்னொன்றை மறைப்பதில்லை என்பதால், எத்தனை முறை கை தாளைத் தொட்டது என்று இன்றும் எண்ணிப் பார்க்க முடிகிறது. முன்னூறு ஆண்டுகளுக்குப் பிறகும் பார்ப்பவர் ஓவியரின் கை போன வழியே போய்வர முடிவது இதனால்தான். ஷியேயி ஓவியத்தில் உணர்ச்சி என்று சொல்லப்படுவது பெருமளவு இதுவே. பறவையின் முகபாவத்தில் கோபம் தெரிவதற்கு முன்பே, அலகை முடித்த அந்தச் சுருக்கென்ற வெட்டில் கோபம் வந்துவிடுகிறது.

மேலே செருகிய கண்

உடம்பை ஈர மையால் அவசரமாகக் கடந்துவிடும் ஓவியர் கண்ணில் மட்டும் நின்று நிதானிக்கிறார். முதலில் கூர்முனையால் கண்ணின் ஓரம். அது வட்டமாக இருப்பது அரிது. முட்டை வடிவம், சில வேளை ஏறக்குறைய சதுரம். உள்ளே தாளின் வெள்ளை அப்படியே விடப்படுகிறது. பிறகு, மிகக் கருத்த மையில் ஒரு புள்ளி, மேல் விளிம்பைத் தொட்டபடி. படம் முழுவதிலும் கருமை அதிகம் திரண்ட இடம் பெரும்பாலும் இந்தப் புள்ளியாகவே இருக்கும். பார்ப்பவரின் பார்வை நேரே அங்கே போய்த்தான் நிற்கும்.

உண்மையான பறவை இப்படிப் பார்ப்பதில்லை. பெரும்பாலான பறவைகளால் விழியைக் குழிக்குள் அதிகம் உருட்ட முடியாது. பார்க்க வேண்டிய திசைக்குத் தலையையே திருப்பும். கண்ணைச் செருகி வெள்ளை காட்டுவது மனிதனின் வேலை. பறவை உடலில் மனிதப் பார்வையைப் பொருத்தியதுமே உருவம் உள்ளுறையாக இன்னொன்றைச் சொல்லத் தொடங்கிவிடுகிறது.

அந்தப் பார்வைக்குச் சீனத்தில் பழைய கதை ஒன்று உண்டு. 3-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ருவான் ஜி, மூங்கில் தோப்பின் ஏழு அறிஞர்களில் ஒருவர். தமக்குப் பிடித்தவர் வந்தால் கருவிழியால் பார்ப்பார். சடங்கு சம்பிரதாயத்தில் ஊறியவர் வந்தால் விழியை மேலே உருட்டி வெள்ளையைக் காட்டுவார். படித்த சீனர்கள் அனைவரும் அறிந்த கதை இது. வெள்ளை விழி என்றாலே அலட்சியம், இகழ்ச்சி. ஆகவே பாதா ஷான்ரெனின் பறவையை 17-ஆம் நூற்றாண்டில் பார்த்த ஒருவருக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. புதிய ஆட்சியிடம் பதவி வாங்கிக்கொண்ட பழைய நண்பர்களை அந்தப் பறவை எப்படிப் பார்க்கிறது என்று உடனே புரிந்திருக்கும். மீன்களையும் அவர் இதே கண்ணோடுதான் வரைந்தார்.

கால், பாறை, வெற்றிடம்

ஒற்றைக் காலும் தரையில்லாத நிற்பும் அடுத்த குறியீடு. இதற்கும் முன்னோடி உண்டு. மங்கோலியர்கள் சோங் பேரரசை வீழ்த்திய பிறகு வாழ்ந்த ஜெங் சிஷியாவ் (1241–1318) ஆர்க்கிட் செடிகளை மண்ணில்லாமல், வேரூன்ற இடமில்லாமல் வரைந்தார். மண் அந்நியர் கைக்குப் போய்விட்டது என்பது அதன் பொருள் என்று காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. நாட்டை இழந்தவர்களின் ஓவியத்தில் தரையை வரையாமல் விடுவது அப்போதிலிருந்தே ஒரு பேச்சாகிவிட்டது. பாதா ஷான்ரெனின் பறவை நிற்கும் வெற்றுத்தாளைப் பார்த்தவர்கள் அதையும் அந்த வழியிலேயே படித்தார்கள்.

பாறை வரும் இடங்களில் நிலைமை இன்னும் விசித்திரம். சீன ஓவியத்தில் பாறை என்றால் நிலைபேறு, நீண்ட ஆயுள். இவருடைய பாறைகளோ மேலே பருத்துக் கீழே குறுகி, முட்டையை நுனியில் நிறுத்தியதுபோல் இருக்கும். தொட்டால் உருண்டுவிடும் போன்ற அந்தப் பாறையின் உச்சியில் பறவை கூன்போட்டு உட்கார்ந்திருக்கும். உலர்ந்த தூரிகையை உருட்டி இழுத்த நீண்ட வெளிக்கோடு பாறையைக் காட்டுகிறது. உள்ளே ஏறக்குறைய எதுவும் இல்லை. கனம் இல்லாத பாறை, பிடிமானம் இல்லாத உலகம்.

எஞ்சிய தாளை நிரப்பாமல் விட்டதற்கு அரசியல் காரணம் மட்டும் போதாது. முப்பது ஆண்டு சான் பௌத்தப் பயிற்சியில் வெறுமை என்பது குறையாகக் கருதப்படுவதில்லை. எல்லாம் அதிலிருந்தே தோன்றுகின்றன என்பது அந்த மரபின் பார்வை. ஓவிய அமைப்பாகவும் அந்த வெற்றிடம் வேலை செய்கிறது. பறவை மையத்திலிருந்து சற்று விலகி நிற்க, மறுபக்கத்துக் கையெழுத்தும் சிவப்பு முத்திரையும் எடையைச் சமன் செய்கின்றன. முத்திரையை ஓர் அங்குலம் நகர்த்தினாலும் பறவை சாய்ந்துவிடும் என்று தோன்றும் அளவுக்கு அந்தக் கணக்கு நுட்பமானது.

மயிலுக்கு மூன்று இறகு

பாதா ஷான்ரென் படைப்புகளிலேயே அரசியல் நையாண்டி மிகத் தெளிவாகத் தெரிவது 1690-இல் வரைந்த மயில் ஓவியம். மேலே ஒரு பாறை முகடு. அதிலிருந்து பூக்களும் மூங்கில் இலைகளும் தொங்குகின்றன. கீழே அடி குறுகிய பாறையொன்றில் இரண்டு மயில்கள். அரண்மனைத் திரைகளில் வரும் மயில் பச்சையும் நீலமும் பொன்னும் மின்ன, தோகை விரிய நிற்கும். பதவிக்கும் செல்வத்துக்கும் மங்கல அடையாளம் அது. இந்த மயில்களுக்கு வண்ணமும் இல்லை, தோகையும் இல்லை. வழுக்கை விழுந்ததுபோன்ற உடல், பின்னால் மூன்றே மூன்று இறகு.

அந்த மூன்று இறகில்தான் குத்தல் இருக்கிறது. சிங் ஆட்சியில் மயிலிறகைத் தொப்பியில் செருகிக்கொள்வது பேரரசர் அளிக்கும் சிறப்பு. இறகின் கண்கள் கூடக் கூட மதிப்பும் கூடும், மூன்று கண் இறகு மிக உயர்ந்தது. ஓவியத்தின் மேல் அவரே எழுதிய சிறு கவிதையில் மூன்று காதுள்ள ஓர் அடிமையைப் பற்றிய பழங்கதையின் குறிப்பு வருகிறது. எசமானின் சொல்லைக் கேட்க இரண்டு காது போதாமல் மூன்றாவதும் வைத்திருப்பவன் அவன். விடிவதற்கு வெகு முன்பே, நள்ளிரவு கூட ஆகாத வேளையில், அரச தரிசனத்துக்காக வந்து காத்துக்கிடக்கும் அதிகாரிகளையும் கவிதை சீண்டுகிறது. முந்தின ஆண்டு, 1689-இல், பேரரசர் காங்ஷி தென்மாகாணங்களுக்குப் பயணம் வந்திருந்தார். அப்போது ஜியாங்ஷியின் ஆளுநராக இருந்த சோங் லுவோதான் இந்தக் கேலியின் இலக்கு என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

இங்கே தூரிகையும் கேலிக்குத் துணை போகிறது. பொன்னும் மரகதமும் கேட்கும் பறவையைச் சாம்பல் மையில், அவலட்சணமாகப் போடுவதே ஒரு கருத்துதான். இதே கேலியை உரைநடையில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அண்மை உதாரணம் இருந்தது. மிங் வரலாற்றைத் தனியாக எழுதி அச்சிட்ட வழக்கில், 1663-இல் சுமார் 70 பேர் கொல்லப்பட்டார்கள். எழுத உதவியவர்களும் அச்சிட்டவர்களும் அதில் அடக்கம். மயிலைத் தண்டிப்பது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

காகம், கழுகு, தாமரை

மக்கள் வாங்கி மாட்டிய பறவை ஓவியங்களுக்கு அக்காலத்தில் நிலையான பொருள்கள் இருந்தன. இணை பிரியாத மாண்டரின் வாத்துகள் மணமக்களுக்கு, மேக்பை பறவை நற்செய்திக்கு, கொக்கு நீண்ட ஆயுளுக்கு. பாதா ஷான்ரென் இந்தச் சொற்களஞ்சியத்தை அறிந்தே அதைக் குலைத்தார். அவருடைய பறவைகள் இரண்டிரண்டாக வரும்போதுகூட ஒன்றையொன்று பார்த்துக்கொள்வது அரிது. ஆளுக்கொரு திசையில் விறைத்து நிற்கும்.

பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்திலுள்ள ஓர் ஓவியத்தில் பட்ட மரமும் குளிர்காலக் காகங்களும் வருகின்றன. இலையுதிர்ந்த மரம், அழிந்த அரசுக்கும் அதை மறக்காதவர்களுக்கும் பழகிப்போன உருவகம். 1702-இல், 76 வயதில் வரைந்த ‘இரண்டு கழுகுகள்’ நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மிங் அரண்மனையில் 15-ஆம் நூற்றாண்டில் லின் லியாங் வரைந்த கழுகுகள் வீரத்தின் சின்னங்கள். அழிந்த அரண்மனையின் சின்னத்தை முதிய வயதில் திரும்ப எடுத்து, பகட்டில்லாத கோட்டில் உட்கார வைத்தது, வீழ்ந்த குலத்தின் மிடுக்கை விட்டுக்கொடுக்காத செயலாகப் படிக்கப்படுகிறது.

தாமரைக் குளமும் அவருக்குப் பிடித்த களம். சேற்றில் வேரோடி, சேறு ஒட்டாமல் எழும் தாமரை பௌத்தத்தில் தூய்மையின் அடையாளம். ஆள் உயரத் தண்டுகளை ஒரே மூச்சில், ஒரே கோட்டில் இழுத்து, மேலே இலையை ஈர மையாகச் சரியவிடுவார். கீழே நிழலில் சிறு பறவை ஒன்று ஒடுங்கியிருக்கும். சுமார் 1690-ஐச் சேர்ந்த ‘தாமரைக் குளத்துப் பறவைகள்’ என்ற சுருள் ஓவியமும் மெட்ரோபாலிட்டனில் உள்ளது. சாட்டின் பட்டில் வரைந்த அதன் நீளம் இரண்டு மீட்டருக்கு மேல். சாட்டினின் வழுவழுப்பில் மை தாளைப்போல் உடனே ஊறாது. அதனால் தீற்றல்கள் வழுக்கிக்கொண்டு பரவியிருப்பதை அதில் காணலாம்.

கையெழுத்தும் ஒரு படம்

இந்த ஓவியங்களில் கையெழுத்து மூலையில் போட்ட பெயர் மட்டுமன்று. பாதா ஷான்ரென் என்ற நான்கு எழுத்துகளை மேலிருந்து கீழாக நெருக்கி எழுதும்போது, அவை அழுகையையும் சிரிப்பையும் குறிக்கும் எழுத்துகளைப்போல் தோன்றும். தெருவில் சிரித்து அழுத மனிதரின் கதையோடு அது கச்சிதமாகப் பொருந்தியது. கொக்கையோ ஆமையையோ நினைவூட்டும் இன்னொரு பின்னல் குறியும் சில ஓவியங்களில் உண்டு. அதைப் பிரித்துப் படித்தால் மூன்றாம் மாதம் 19-ஆம் நாள் என்று வரும் என ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். சீன நாட்காட்டியில் கடைசி மிங் பேரரசர் உயிர்விட்ட நாள் அது. பறவை, எழுத்து, குறி மூன்றுமே பாதித் தோற்றத்தில் நிறுத்தப்பட்டவை. மூன்றையும் பார்ப்பவர்தான் முடித்துவைக்க வேண்டும்.

எல்லாமே அரசியலா?

ஒற்றைக் காலில் நிற்கும் ஒவ்வொரு பறவையையும் வீழ்ந்த அரசின் புலம்பலாகப் படிப்பது எளிது. அதில் ஆபத்தும் உண்டு. உயிருள்ள பறவைகளும் ஒரு காலை இறகுக்குள் மடக்கித்தான் ஓய்வெடுக்கும், உடல் வெப்பம் வீணாகாமல் இருக்க. கூன்போட்டு ஒடுங்குவதும் குளிரில் எந்தக் குருவியும் செய்வது. இவர் பறவைகளை வெறும் சின்னங்களாக ஆக்கிவிடவில்லை, கூர்ந்து கவனித்திருந்தார் என்பதற்கு அந்த நிற்பின் சமநிலையே சாட்சி. மெய்யான உடல் எடை இருப்பதால்தான் குறியீடு மேலே நிற்கிறது.

வயிற்றுப்பாடும் ஒரு காரணம். தொடக்கத்தில் செல்வாக்குள்ளவர்கள் பணம் நீட்டியும் கிடைக்காத ஓவியத்தை ஏழைத் துறவிக்கும் சாராயம் வாங்கித் தந்தவருக்கும் அள்ளிக் கொடுத்தார் என்று வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. பிந்தைய ஆண்டுகளில் ஓவியம் விற்றுத்தான் பிழைத்தார் என்பது அவருடைய கடிதங்களிலிருந்தே தெரிகிறது. வாங்குபவர்கள் கேட்டதற்காக ஒரே பறவையைத் திரும்பத் திரும்ப வரைந்த சந்தர்ப்பங்களும் இருந்திருக்கும். அதோடு 1690-களின் பிற்பகுதியில் அவருடைய கோடுகள் உருண்டு மென்மையாகின்றன. பறவைகளின் கோபமும் தணிகிறது. ஒரே விளக்கத்தை இருபது ஆண்டுகளுக்கும் பொருத்த முடியாது. சினம், நகைச்சுவை, தியானம், வியாபாரம் எல்லாம் கலந்தே கிடக்கின்றன.

பின்வந்தவர்கள்

மிங் இளவரசர் வழியில் பிறந்து துறவியான இன்னொரு பெரும் ஓவியர் ஷிதாவ், பாதா ஷான்ரென் உயிரோடிருந்தபோதே அவருக்குக் கடிதம் எழுதி ஓவியம் கேட்டார். 18-ஆம் நூற்றாண்டில் யாங்ஜோ நகர ஓவியர்கள் அவரைக் கொண்டாடினார்கள். வூ சாங்ஷுவோ (1844–1927), சி பாய்ஷி (1864–1957), பான் தியான்ஷோ (1897–1971) என்று நவீன சீன ஓவியத்தின் தூண்கள் எல்லோரிடமும் அவருடைய தடம் தெரிகிறது. பான் தியான்ஷோவின் பெரிய பாறைகளில் உட்கார்ந்திருக்கும் பறவைகளுக்கு அந்தப் பழைய முறைப்பு அப்படியே இருக்கிறது.

புகழோடு போலிகளும் பெருகின. 20-ஆம் நூற்றாண்டின் பெரிய ஓவியர்களில் ஒருவரான ஜாங் தாச்சியானே (1899–1983) ஷிதாவ், பாதா ஷான்ரென் ஆகியோரின் பாணியில் போலி ஓவியங்கள் செய்து நிபுணர்களை ஏமாற்றியவர். கோடுகள் குறைவாக இருப்பதால் நகலெடுப்பது சுலபம் என்று தோன்றும். உண்மையில் மறைத்துக்கொள்ள இடமே இல்லை என்பதுதான் போலிக்காரரின் சங்கடம்: பார்த்துப் பார்த்து வரையும் கை மெதுவாகப் போகும், மெதுவாகப் போனால் தாளில் மை ஊறிக் காட்டிக்கொடுத்துவிடும். அவர் கையெழுத்தின் வடிவமும் பயன்படுத்திய முத்திரைகளும் ஆண்டுகளோடு மாறிவந்ததால், அவற்றை ஒப்பிட்டு அசலைப் பிரிக்கவும் காலத்தைக் கணிக்கவும் முடிகிறது.

நான்சாங்கின் சிங்யுன்பு என்ற இடத்தில் அவருக்கான நினைவகம் 1959 முதல் இயங்குகிறது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1990-இல் நடத்திய கண்காட்சி அவருடைய வாழ்க்கையையும் கையெழுத்து மாற்றங்களையும் வரிசைப்படுத்தியது. வாஷிங்டனின் ஃப்ரீர் கலைக்கூடத்துக்கு 1998-இல் வந்து சேர்ந்த வாங் ஃபாங்யூ சேகரிப்பு, சீனத்துக்கு வெளியே அவரைப் படிப்பதற்கு முக்கியமான இடமாக அதை ஆக்கியிருக்கிறது. கியோட்டோவிலுள்ள சுமிதோமோ குடும்பச் சேகரிப்பில் 1694-ஐச் சேர்ந்த ஓவிய ஏடு ஒன்று பாதுகாக்கப்படுகிறது. சினமும் தணிவும் சந்திக்கும் ஆண்டுகளைச் சேர்ந்த அந்த ஏடு, அவருடைய தூரிகை எப்படி மாறியது என்பதை அறிய விரும்புவோருக்கு நல்ல சான்று.